உரித்த ஆரஞ்சு

எல்லோர் கையிலும் மாட்டியிருக்கும் வளை தினமும் இரத்தத்தைப் பார்த்துவிடும். புற்றுநோய் தென்பட்டால் மாட்டியிருப்பவருக்குச் சொல்லும் முன், நோயிலிருந்து மீண்டவர்களின் துணை வலைக்குத்தான் சொல்லும். அதே ஊரில் அந்த நோயிலிருந்து மீண்ட ஒருத்தி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகே வளை அதிரும். தனியாக இருக்கும்போது யாரும் அந்தச் செய்தியைக் கேட்கக் கூடாது என்பது வலையின் விதி.

தூத்துக்குடியில் இந்த வேலைக்குச் செல்லக்கனியை மிஞ்ச ஆளில்லை. புதிதாகச் சேர்பவர்களை அவள்தான் பழக்கினாள். "முதல்ல ஆரஞ்சு உரிச்சுக் கொடுங்க. வாயில சுளை இருந்தா யாரும் அலற மாட்டாங்க."

அன்று மருத்துவமனை வராந்தாவில் பூங்கோதை ஊசிக்குக் காத்திருந்தாள். நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் செல்லக்கனியின் கையை விட்டதே இல்லை.

"என்னைப் பாருங்க. எனக்குச் சரியாகி ஒம்பது வருசமாச்சு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்லா" என்றாள் செல்லக்கனி.

அப்போது அவள் பழக்கிய ரிஸ்வானா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையில் உரித்த ஆரஞ்சு இருந்தது.

"பூங்கோதைக்குத்தான் நான் இருக்கேனே, நீ எதுக்கு வந்தே?"

ரிஸ்வானா பூங்கோதையைப் பார்க்கவே இல்லை. செல்லக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுளையைப் பிய்த்து நீட்டினாள். "சாப்பிடுங்கக்கா."

செல்லக்கனி அலறத்தான் வாயைத் திறந்தாள். சுளை உள்ளே போய்விட்டது. அவள் கை வளை அதிர்ந்தது.

பூங்கோதை தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எனக்கு வேற ஆள் அனுப்புவாங்களாம்மா?" என்று ரிஸ்வானாவிடம் கேட்டாள்.