மாலைக் கறவைக்கு ஒரு சேலை

மூன்றாவது முறையாகக் கொசுவம் அவிழ்ந்தது. வாரிச் சுருட்டி இடுப்பில் செருகி, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, பால் வாளியோடு செவலையின் பக்கத்தில் குந்தினேன்.

மீசை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதையும் முந்தானைக்குள் இழுத்து மூடினேன்.

செவலை எங்கள் மாடு. கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மாவைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதை. முந்தாநாள் நான் வாங்கிய உதையில் வாளி பறந்து போய்ப் பாகற்பந்தலில் தொங்கியது.

இன்றைக்கென்று பார்த்து, சாப்பாடு முடிந்ததும் அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டார். "ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போயி துணி எடுத்துட்டு வர்றேன். சாயங்காலக் கறவைய நீ பாத்துக்கடா சேதுபதி" என்று பஸ் ஏறிவிட்டார். அப்பா கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாசாரில் விற்கப் போய்விட்டார்.

மாட்டுக்கு அம்மாவின் வாசனைதானே அடையாளம்? அப்படியென்றால் அம்மாவின் சேலை போதும். இப்படி ஒரு யோசனை எங்கள் ஊர் கஜா பெராங்கில் வேறு எவனுக்கும் வந்திருக்காது என்று எனக்கு ஒரே பெருமை. வருகிற ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போய், நாடு சொந்தக் காலில் நிற்கப்போகிறது என்று கம்பத்து வீடெல்லாம் பேச்சு. நான் அம்மா சேலையில் குந்தியிருந்தேன்.

மழைக்காலம் போய்ப் பங்குனி வெயில் வந்ததும் மாமரம் பூத்துக் கொட்டியது. கத்தரிப் பாத்தி முழுக்க ஊதாப் பூ. நான் மட்டும் வாடிக்கிடந்தேன். மாசி மகத் திருவிழாவில் உஜோங் பாசிர் ஊர் ருக்மணியைப் பார்த்ததிலிருந்து, ஒரே செடிக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றுகிற ஆளாகிவிட்டேன். பெண் கேட்டு அம்மா ஆள் அனுப்பியும் இன்னும் பதில் வரவில்லை.

சேலை வேலை செய்தது. செவலை முகர்ந்து பார்த்தது, பெருமூச்சு விட்டது. பால் சர்ரென்று வாளியில் இறங்கியது.

"பூங்காவனம் அக்கா! இருக்கீங்களா?"

கொட்டகை வாசலில் ஒரு பெண் குரல். திரும்பினால் மானம் போய்விடும். மாட்டின் வயிற்றோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன்.

"இருக்கேன்... யாரு?" என்றேன், அம்மாவின் குரலில். கேட்டதென்னவோ ஆட்டுக்குட்டியின் குரல்தான்.

"நாந்தான், உஜோங் பாசிர் கமலவேணி. ருக்மணியோட அம்மா. பொண்ணு கேட்டு ஆளு அனுப்பியிருந்தீங்களே."

கறந்த கை அப்படியே நின்றது. இப்போது எழுந்து உண்மையைச் சொல்லலாம். ஆனால் சேலை கட்டி நிற்கிற பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"எந்திரிக்க முடியல, பால் பாதியில நிக்குது. அந்தக் கட்டையில உக்காருங்க."

"பரவால்ல, நீங்க கறங்க. என்னா, தொண்ட கட்டியிருக்கா?"

"பனி."

"பங்குனியிலயா?"

நான் வேகமாகக் கறந்தேன்.

"சரி, நேராவே கேக்குறேன். ஒங்க மவன் எப்படி?"

இப்படி ஒரு வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? "தங்கம்! சேவ கூவுறதுக்கு முந்தி எந்திரிச்சிருவான்" என்றேன். எங்கள் வீட்டுச் சேவல் கூவி நான் இதுவரை கேட்டதே இல்லை.

"குடி கிடி?"

"மோரத் தவிர ஒண்ணும் தெரியாது."

"கோவம் வருமா?"

அந்த நேரம் பார்த்துச் செவலை வாலைச் சுழற்றி என் முகத்தில் ஓங்கி அடித்தது.

"ஏய் சனியனே!"

என் சொந்தக் குரல் கொட்டகை முழுக்க முழங்கியது. உடனே இருமினேன். "மாட்டச் சொன்னேன்" என்றேன், மறுபடி அம்மாவாக.

"தெரியுது, தெரியுது. எம் பொண்ணுக்கு மாடு கன்னு பழக்கமில்ல. இங்க வந்தா கறக்கச் சொல்லுவீங்களோ?"

"ஐயோ, அவ கை மாட்டு மேல படாது! எம் மவனே கறப்பான். சாணியும் அவந்தான் அள்ளுவான்." நாக்கு அதோடு நின்றதா? "பாத்திரங்கூட அவனே கழுவிருவான்."

"பாத்திரமுமா! சத்தியமா?"

"செவல மேல சத்தியம்."

"சீர் செனத்தி என்னா எதிர்பாக்குறீங்க?"

"ஒண்ணும் வேணாம். பொண்ண மட்டும் அனுப்புங்க."

அம்மா காதில் இது விழுந்தால் செவலையின் கயிற்றில் என்னையும் சேர்த்துக் கட்டுவார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. 'மவன் எங்க, கூப்பிடுங்க பாக்கலாம்' என்று இந்தம்மா கேட்டுவிட்டால்? நல்லவேளை, கடைசிவரை கேட்கவே இல்லை.

கமலவேணி அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ருக்மணிய இந்த வீட்டுக்கே குடுக்குறேன்."

செவலையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. "இருங்க, இருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க!" என்று அவசரமாக எழுந்தேன். கொசுவம் நான்காவது முறையாக அவிழ்ந்தது.

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்.

"வேணாம் மாப்ளே, ஒங்கம்மா எங்க வீட்டுல ருக்மணி போட்ட காப்பியக் குடிச்சிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."