நடுவே ஒரு தாங்கி

மோட்டார் உதறிய உதறலில் படகின் பின்பலகை விரிசல் கண்டது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புத் தாங்கியை வைத்து, நாலு போல்ட் போட்டு முறுக்கினார்கள். அன்றிலிருந்து அவை பேசிக்கொண்டதெல்லாம் தாங்கி வழியாகத்தான்.

"இந்தத் தடிமாட்டை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் தள்ளுறது?" என்று மோட்டார் உறுமியது.

"பலகை இன்னும் வலிக்குதான்னு கேக்குது," என்று தாங்கி படகிடம் சொன்னது.

படகுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும், "அந்தக் கத்தல்காரனை வாயை மூடச் சொல்லு," என்றது.

தாங்கி மோட்டார் பக்கம் திரும்பி, "நீ களைச்சிருப்பியாம். கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுது," என்றது. மோட்டார் மெதுவாகப் போனது.

இப்படியே பல நாள் ஓடியது. ஒரு விடியற்காலை, கடல் எது வானம் எது என்று தெரியாத மூடுபனியில், தாங்கியின் போல்ட் ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது. தாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வலிக்குதா?" என்று படகும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கேட்டன.

தாங்கியிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆமா," என்றது.

மோட்டார் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. படகு அதிராமல், நீரோட்டத்தோடு கரைப் பக்கம் மிதந்தது. அந்த வெள்ளைப் பனிக்குள் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கரை வருவதற்குள் தாங்கி தூங்கிப்போயிருந்தது.