ஏழாம் நம்பர் படம்

நிலா ஓவியப் போட்டியின் முடிவுக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. சுமித் அதை நடத்தும் குருநாகல் வானியல் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். சாராயக்கடைக் காசாளர் அவன். கடை மூடிக் கிடக்கும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையன்று மட்டும்தான் மாலையில் வீட்டிலிருப்பான். அவன் வரைந்த முழுநிலாவும் போட்டியில் இருந்தது. எழுதியபடியே மனைவியிடம் பொருமினான்.

“ஏழாம் நம்பர் படத்தைப் பாத்தியா, இரேஷா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் கரை, நிழல்! கண்காட்சியில எல்லாரும் அது முன்னாலதான் நிக்கிறாங்க. யாரோட படம்னு நாளைக்குத்தான் சொல்வாங்களாம். எவனோ புத்தகத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான்.”

“நிலாவையே பாத்து வரைஞ்சிருந்தா?”

“நான் வாங்கின தொலைநோக்கியிலயே வெள்ளைத் தட்டு மாதிரிதான் தெரியுது. அவனுக்கு என்ன பருந்துக் கண்ணா?”

“அனே, ஐயோ, பௌர்ணமியில வெயில் நேரா விழும், நிழலே இருக்காது. அரை நிலாவுலதான் சாய்வா விழும். அப்பப் பாத்தா பள்ளம் மேடு எல்லாம் தெரியும்.”

சுமித்தின் பேனா நின்றது.

“அவனுக்கு நீ எதுக்கு வக்காலத்து வாங்குற? இதெல்லாம் அவனா சொல்லித் தந்தான்? யார் அவன்?”

இரேஷா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க கடைக்குப் போற சாயங்காலமெல்லாம் அந்தத் தொலைநோக்கி சும்மாதானே கிடக்கு? ஏழாம் நம்பரை வரைஞ்சது நான்தான்.”