ஐம்பத்திரண்டு பல்

தனக்கு நிச்சயமான அக்கா மகளுக்குச் சுடலைமணி வாங்கிக் கொடுத்த நீல ஹெல்மெட், யாரோ ஒரு பையனின் டர்ட் பைக்கில் தொங்கிக்கொண்டு சுடலைமணியின் உதிரிபாகக் கடைக்கே வந்து நின்றது.

"ரெண்டு பேரு போறோம் அண்ணாச்சி. ஹைவேயில நூறுல பறக்கணும். பின்வீலுக்கு எத்தனை பல்லு போடலாம்?"

பல் குறைந்தால் வேகம். கூடினால் இழுவைதான், அறுபதிலேயே எஞ்சின் அலறும். சுடலைமணி கடையிலேயே பெரிதான ஐம்பத்திரண்டு பல் ஸ்ப்ராக்கெட்டை, செயின் ஓடும் பல்சக்கரத்தை, எடுத்துத் துடைத்தான்.

"ஆளு கூடினா பல்லும் கூடணும் தம்பி. எப்பப் பயணம்?"

"நாளைக்கு விடியக்காலம்."

பையன் கேட்காமலே விலையில் இருநூறு ரூபாய் குறைத்து, தானே மாட்டியும் கொடுத்தான். பஜாரில் வண்டி துள்ளிக் கிளம்பியதில் பையனுக்கு ஒரே குஷி.

சுடலைமணி பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"அத்தான், நாளைக்குக் காலையில காரு வேணும். அவசரமில்ல, இட்லி சாப்பிட்டுட்டே கிளம்புவோம்."