மூன்றாவது அடி

மாலை வெயில் தடகள மைதானத்து ஓடுதளத்தின் சிவப்பில் சாய்ந்து கிடக்கிறது. தொடைத் தசை கிழிந்து எட்டு மாதம் ஓடாமல் இருந்த அக்கா, தங்கை நீட்டும் கைபேசியில் சற்றுமுன் தான் ஓடியதை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கிறாள். "மூணாவது அடியிலயே நிமிர்ந்துடுறக்கா. கால் உடம்புக்கு முன்னால போய் விழுது. நீயே உனக்கு பிரேக் போட்டுக்கிற." "தெரியுதுடி. குனிஞ்சபடியே தள்ளினா மறுபடியும் கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு." தசை கிழிந்த அன்றைக்கு அக்காவைத் தோளில் தாங்கி வெளியே கூட்டிப்போனவள் தங்கைதான். நாளை அணிக்கான தேர்வு ஓட்டம். இதை விட்டால் முப்பத்தோரு வயதுக்காரியை இன்னொரு முறை யாரும் கூப்பிடப்போவதில்லை. அக்கா திரும்பிப் போய்ப் பாதங்களை உதைத்துக் கிளம்பும் கட்டைகளில் ஊன்றி, தொடக்கக் கோட்டை ஒட்டி விரல்களைப் பரப்புகிறாள். நெஞ்சு அடிப்பது காதுவரை கேட்கிறது. தங்கை கை தட்டியதும் கட்டையை உதைத்துக் கிளம்புகிறாள். கண்ணில் தரை மட்டும்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்துவிடு என்று உடம்பு கெஞ்சுகிறது. அவள் இடம் கொடுக்கவில்லை. பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்கித் தரையைப் பின்னால் தள்ளுகிறது. காலணி ஆணிகள் நறநறவென்று கடிக்கின்றன. எட்டாவது அடிக்குப் பிறகுதான் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக எழுகிறது. முப்பது மீட்டர் தாண்டி வேகம் தணிந்து, தொடையை இரு கைகளாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். தங்கை முகம் வெளுத்து ஓடி வருகிறாள். "அக்கா! வலிக்குதா?" அக்கா தலையை ஆட்டுகிறாள். "இல்லடி," என்கிறாள், கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்ட. "வலிக்கவே இல்லடி."