தாமதம் யாரால்?

"அளக்கிற வேலையெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்? வேண்டாமே!"

சொன்னவர், எழுதின புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டர். எதைக் கையில் கொடுத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்பதால், சாஃப்ட்வேர் கம்பெனியின் அந்தச் சின்ன டீமில் அவருக்கு 'சந்தேகம் அண்ணன்' என்றே பெயர்.

டீம் லீடருக்குச் சுருக்கென்றது.

"ஏன் வேண்டாம்? ஒவ்வொரு ரிலீஸும் தள்ளித் தள்ளிப் போகுது. கஸ்டமர் கத்துறார். வேலை எங்கே தேங்குதுன்னு அளந்து பாருங்கன்னு எம்.டி. சொல்லிட்டார். இந்தத் தடவையும் தேதி தவறினா டீமையே கலைச்சு ஆளுக்கொரு பக்கம் அனுப்பிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அடுத்த ரிலீஸை எப்பாடு பட்டாவது முடிச்சிடுறோம். இந்தக் கணக்கெடுப்பு மட்டும் வேண்டாம்."

"ஆமாம் மேடம்" என்று ஒத்து ஊதினாள் புயல். கீபோர்டில் விரல் பறக்கும் வேகத்துக்காக அவளுக்கு வைத்த பெயர். "அளக்க ஆரம்பிச்சா அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்க வேண்டியதுதான்."

மற்ற மூன்று பேரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள்.

லீடருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டு எதையோ மூடி மறைக்கிறார்கள். அதிலும் சந்தேகம் அண்ணன் துள்ளுகிற துள்ளலைப் பார்த்தால், வேலையெல்லாம் அவர் மேஜையில்தான் முடங்கிக் கிடக்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

"நான் ஆளை அளக்கப் போறதில்லை, வேலையை அளக்கப் போறேன். புரோகிராம் எழுதுற இடத்துல எத்தனை நாள் கிடக்குது, டெஸ்ட்டிங்ல எத்தனை நாள் கிடக்குது, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வந்துடுங்க."

ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதியில் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்பது கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகியிருந்தது. அதைப் படமாக்க ஒரு பட்டனைத் தட்டினால் போதும். மறுநாள் எல்லார் முன்னாலும் தட்டினாள்.

திரையில் கம்பங்கள் எழுந்தன.

எழுதுவது, குட்டைக் கம்பம். எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது, அதைவிடக் குட்டை. டெஸ்ட்டிங் கொஞ்சம் உயரம்தான், ஆனாலும் குற்றம் சொல்லும்படி இல்லை.

கடைசிக் கம்பம், மற்றதையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரத்துக்குப் போய் நின்றது.

அதன் அடியில் இருந்த பெயர்: 'லீடர் ஒப்புதல்'.

யாருமே திரையைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். புயல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'என் கண்ணில் படாமல் எதுவும் கஸ்டமருக்குப் போகக் கூடாது.' லீடர் போட்ட சட்டம் அது. கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதை அவள் தளர்த்தவில்லை. ஆஸ்பத்திரி, ஆபீஸ், மறுபடி ஆஸ்பத்திரி என்று ஓடிய ஓட்டத்தில், முடிந்த வேலைகளெல்லாம் அவளுடைய ஒரு 'சரி'க்காக வரிசை கட்டி நின்றிருக்கின்றன. வந்ததும் பார்த்து அனுப்பிவிடுகிறோமே என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கணவர் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டார். வரிசைதான் நகரவில்லை.

"உங்களுக்கெல்லாம்... முன்னாடியே தெரியுமா?"

சந்தேகம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சார் அங்கே படுத்திருந்தார். நீங்க அங்கேயும் இங்கேயுமா அல்லாடிக்கிட்டு இருந்தீங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூட 'ஆச்சு'ன்னு வாய் கூசாமப் பொய் சொல்வீங்க. உங்ககிட்ட போய் இதை எந்த வாயால சொல்றது மேடம்?"

"அதுக்காக? டீமே கலைஞ்சிருக்குமே!"

"டீம் கலைஞ்சா இன்னொரு டீம் கிடைக்கும் மேடம்" என்றாள் புயல். "அந்த நேரத்துல உங்க தலையில இதையும் ஏத்தணுமான்னு இருந்துச்சு."

லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்திலிருந்து மனசுக்குள்ள உங்களைத்தான் அண்ணா திட்டிக்கிட்டு இருந்தேன். எல்லாம் உங்க மேஜையிலதான் கிடக்குதுன்னு சந்தேகப்பட்டேன்."

"சந்தேகப்படுறது என் டிபார்ட்மென்ட் மேடம். அதுல நீங்க கை வைக்கக் கூடாது."

அழுகையோடு அழுகையாக அவளும் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே சட்டம் மாறியது. டெஸ்ட்டிங்கில் தேறிவிட்டால், டீமில் யாராவது ஒருவர் பார்த்து 'சரி' சொன்னால் போதும். அவளுக்காக எதுவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ரிலீஸ் சொன்ன தேதியில் போனது. அதுவரை கத்திக்கொண்டிருந்த கஸ்டமர், நம்ப முடியாமல் போன் போட்டுக் கேட்டார்.

எம்.டி. அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"சபாஷ்! டீமைக் கலைக்கிற பேச்சே இனி இல்லை. சரி, கடைசியில வேலை எங்கேதான் தேங்கிச்சு?"

அவள் நிமிர்ந்து நின்றாள். "என் மேஜையில சார். தாமதம் முழுக்க என்னால. டீம் மேல ஒரு குத்தமும் இல்லை. சொல்லப்போனா, அவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

எம்.டி. கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"நீங்களுமா? உங்க டெஸ்டர் முன்னாடியே வந்து, 'நான்தான் ஸ்லோ சார், மேடமை ஒண்ணும் சொல்லிடாதீங்க'ன்னார். அப்புறம் அந்தப் பொண்ணு வந்து, 'நான்தான் தப்புத்தப்பா எழுதுறேன்'னு அழாத குறையா சொல்லிட்டுப் போச்சு. மீதி மூணு பேரும் அதே மாதிரி, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து, 'என்னாலதான் சார்'ங்கிறாங்க. யாரைத்தான் நம்புறதுன்னு புரியாமத்தாம்மா, அளந்து பாருங்கன்னு உங்ககிட்டயே சொன்னேன்!"