யார் ஜெயிச்சாலும் சரி

"தோள்பட்டை கழண்டு விழுந்திரும் போல இருக்கு சார். இந்த ஆட்டம் எப்ப முடியும்?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சுத்தமான திருநெல்வேலித் தமிழ். ஜம்புநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியாது. வயிற்றுக் கடுப்பு என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாதுங்கா மைதானத்துக்கு டென்னிஸ் பார்க்க வந்தவர் அவர். நாலு வரிசை மேலே அவருடைய மானேஜர் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு, நேரே முன்னால் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருந்தார் ஜம்புநாதன்.

"எனக்கும்தான் முதுகு வலிக்கறது. சாய்மானம் இல்லாத பலகை. பல்லைக் கடிச்சுண்டு பாரும்," என்றார் அடிக்குரலில்.

மைதானத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டென்னிஸையே பிழைப்பாகக் கொண்டவர்கள். முதல் செட்டை நெட்டையன் எடுத்துவிட்டான். இரண்டாவதிலும் ஐந்துக்கு நாலு என்று முன்னால் நின்றான்.

"மாதாவே, நெட்டையன் ஜெயிக்கணும்!" என்றது குரல்.

"அவன் ரசிகரா நீர்?"

"அவன் ஜெயிச்சா ஆட்டம் முடிஞ்சிரும்லா? பொஞ்சாதியைக் காலையில சயான் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன் சார். முன்னால பொறந்த ரெண்டும் தங்கல. இது மூணாவது. பொறந்துச்சா, உசிரோட இருக்கா, ஒண்ணும் தெரியல. ஆறு மணிக்கு மேல பாக்க விடமாட்டான்."

ஜம்புநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப் பாவி மனுஷா! அப்புறம் இங்க என்ன வேலை உமக்கு? எழுந்து ஓடும்!"

"ஆட்டம் முடியாம எப்படி சார் போக?"

குதிரைப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் எல்லாம் பம்பாயில் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு பைத்தியத்தைப் பார்த்ததில்லை. "யார்யா நீர்? வேலைக்கும் மட்டம் போட்டாச்சா?"

"சூசைமாணிக்கம் சார். தாராவி. கூலிக்காரன் மட்டம் போட்டா அடுப்பு எரியுமா?"

சுருக்கென்றது ஜம்புநாதனுக்கு. தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

இரண்டாவது செட்டைக் குள்ளன் பிடுங்கிக்கொண்டான். பின்னாலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. மூன்றாவதில் குள்ளன் மூன்றுக்கு ஒன்று என்று போனதும், "அடி ராசா! விடாத!" என்று குரல் அவன் பக்கம் சாய்ந்தது.

"இப்போ குள்ளனா?"

"எவன் முன்னால போறானோ அவன் நம்ம ஆளு சார். பந்து இப்ப உள்ள விழுந்துச்சா, வெளிய விழுந்துச்சா?"

"உமக்குத் தெரியலையா?"

"முன்னால மறைக்குது."

"நல்ல இடமாப் பார்த்திருக்கப்படாதோ?"

"அவங்களாக் குடுத்த இடம் சார் இது. சரி, தோத்தவன் பொட்டியைக் கட்டிருவானா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல ஜம்புநாதன் உற்சாகமானார். "அதான் இல்லை ஓய். இது லீக். நாலு பேர் வந்திருக்கா. ஒவ்வொருத்தனும் மத்த எல்லாரோடையும் மோதணும். இன்னிக்குத் தோத்தவனும் நாளைக்கு வந்து நிப்பான்."

"நாளைக்குமா?"

"நாளன்னிக்கும் உண்டு."

"எங்க ஊரு சடுகுடுல தோத்தவன் துண்டை உதறிட்டு வீட்டுக்குப் போயிருவான்."

"இதுலதான் சுவாரஸ்யமே."

"யாருக்கு சார்?"

நெட்டையன் விரட்டி வந்து சமன் செய்தான். ஆறுக்கு ஆறு. ஜம்புநாதனின் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"காலை ஆட்டாதீங்க சார்! பலகை அதிருது."

"இனிமே ரெண்டு கேம் வித்தியாசம் வரணும். இல்லேன்னா ஆடிண்டே இருப்பா."

"ஏசுவே..."

அந்த 'ஏசுவே' அவரை என்னவோ செய்தது. ஏழுக்கு ஏழு வந்தபோது அவரும் கட்சி பார்ப்பதை விட்டுவிட்டார். எவனாவது ஒருவன் முடித்துத் தொலைத்தால் போதும். எட்டுக்கு ஏழு. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. நெட்டையன் அடித்த பந்து வலையில் முட்டி, அவன் பக்கமே விழுந்தது. ஒன்பதுக்கு ஏழு. குள்ளன் மட்டையை வானத்தில் எறிந்தான்.

கேலரி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

"எல்லாரும் ஒண்ணா எந்திரிக்காதீங்க!" அலறினான் சூசைமாணிக்கம். "உக்காருங்க! ஒவ்வொருத்தரா எறங்குங்க!"

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. மானேஜராவது மண்ணாங்கட்டியாவது என்று ஜம்புநாதன் சட்டென்று திரும்பினார். "ஓடும்யா! இன்னும் நேரம் இருக்கு!"

பின்னால் ஒரு பார்சி அம்மாள் பிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தாள். "க்யா?" என்றாள்.

"கீழ சார், கீழ பாருங்க."

பலகை இடுக்கு வழியாக ஜம்புநாதன் குனிந்து பார்த்தார். இருட்டில், காலை அகட்டி ஊன்றி, தோளில் சாக்கை மடித்துப் போட்டு, அவருடைய வரிசையைத் தாங்கும் குறுக்கு மரத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் நின்றிருந்தான்.

"நீங்க எல்லாரும் எறங்கினாத்தான் நான் போக முடியும் சார். இந்த இடத்துல நட வேண்டிய மூங்கில் ஒண்ணு, காண்ட்ராக்டர் இன்னும் அனுப்பல."